நூகப்பாவைத் தொடாத தண்ணி

உட்கார்ந்து கேளுங்க, நின்னுக்கிட்டுக் கேக்குற கதை இல்ல இது. என் பேரு ஜெய்னம்பு, கீழமுனைப்பட்டினம் பெரிய பள்ளிக்குப் பின்தெருவுல தொப்பி தைக்கிறவ, இந்த ஊரு ஆம்பளைங்க அல்லாவுக்கு முன்னாடி குனியுறப்பத் தலையில போட்டிருக்கிற வெள்ளைத் தொப்பியில பாதி என் கையால தைச்சது, ஆனா இருபத்திரண்டு வருஷமா எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும், எந்தப் புள்ளைக்குப் பேர் வைக்கிறதுக்கும், எந்த மவுலூதுக்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்ல, நேர்ச்சைச் சோறுகூட பக்கத்து வீடு வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போயிரும். காரணம் ஒரே ஒரு ஆளு, நூகுத்தம்பி. அவனைத்தான் இப்ப நூகப்பாங்கிறாங்க, வலியுல்லாங்கிறாங்க, தண்ணியே தொடப் பயப்படுற மகான்கிறாங்க. தண்ணி ஏன் அவனைத் தொடலைன்னு எனக்குத் தெரியும். தொடாதேன்னு கேட்டது நான்தான்.

எனக்குப் பத்தொன்பது வயசுல செய்யதாமினா மாமியோட ஒரே மகன் சதக்குக்கு என்னைப் பேசி முடிச்சு, நிக்காஹுக்கு நாள் குறிச்சு, பந்தல்காரன் வந்து கம்பு இறக்கிட்டுப் போன மூணாம் நாள், இந்த நூகுத்தம்பி ஜமாஅத்துக் கூட்டத்துல எந்திரிச்சு, குர்ஆன் மேல கையை வச்சு, "மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னாடி பொழுது சாயுற மஃரிபு நேரத்துல அவளை ஐஸ் வண்டிக்காரனோட பார்த்தேன்"னு சொன்னான். அவ்வளவுதான், ஒரே ஒரு பேச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி அவனே என்னைப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பினதும், எங்க வாப்பா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லித் திருப்பி அனுப்பினதும் ரெண்டு வீட்டுக்கு மட்டும் தெரிஞ்ச சங்கதி, அதை வாப்பா சொல்ல வாயெடுத்தப்ப, "குர்ஆன் மேல சத்தியம் பண்ணினவனைப் பொய்யன்கிறியா"ன்னு கூட்டம் அவரை உட்கார வச்சிருச்சு. வீட்டுக்கு வந்து பாயில படுத்தவர்தான், ரெண்டு மாசத்துல மவுத்தாகிட்டாரு. சதக்கு சவுதிக்குப் போனான், கல்யாணமே பண்ணிக்காம அங்கேயே மவுத்தாகி அங்கேயே மண்ணுக்குள்ள போயிட்டான். நான் தையல் மெஷின் முன்னாடி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்துல இருந்து ஒவ்வொரு மஃரிபுக்கும் ஒரே துஆதான். மத்தவங்க ரிஸ்கு, பொழப்பு கேப்பாங்க, புள்ளை கேப்பாங்க, நான், "அல்லாவே, கை கால் கழுவித் தொழ அவனுக்கு ஒளு கூட விடாதே, ஒரு சொட்டுத் தண்ணி அவன் உடம்புல ஒட்ட விடாதே, அவன் அழுக்கோடவே அவனை உன் முன்னாடி கொண்டாந்து நிறுத்து"ன்னு கேட்டேன், வெயிலுக்கும் கேட்டேன், மழைக்கும் கேட்டேன், காய்ச்சல்ல நாக்கு புரளாதப்பவும் மனசுக்குள்ள கேட்டேன். பாவமா அதுன்னு கேட்டா, ஆமா பாவம்தான், போங்க.

இதுக்கு நடுவுல நூகுத்தம்பி மலேசியா போனான், தலை நரைச்சுத் திரும்பி வந்தான், வந்தவனுக்கு உள்ளுக்குள்ள எதுவோ அரிச்சிருக்கு, வருஷா வருஷம் கந்தூரிக்கு மலையாளக் கரையிலிருந்து வர்ற ஷைகு கையில கையைக் குடுத்து பைஅத்து வாங்கி அவுகளுக்குச் சீடனா, முரீதா ஆனான், இனி நீங்க காட்டுறதுதான் என் வழின்னான், நஃப்ஸை அடக்கணும், உள்ளே கிடக்குற அகம்பாவத்தைக் கொல்லணும், கல்பை, இந்த நெஞ்சைத் துலக்கணும்னு, ஷைகு வந்தா தங்குற தைக்காவுல ஒரு இருட்டறைக்குள்ள போய் நாப்பது நாள் உட்கார்ந்தான், ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளைப் பாலு, ஓயாம அல்லா பேரைச் சொல்ற திக்ரு. தெருவுல போறவங்க அந்தச் சுவத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நானும் அந்தத் தெருவுலதான் போவேன், வருவேன், ஒருநாளும் தொட்டதில்ல.

நாப்பத்தோராம் நாள் காலையில வெளியே வந்தவன், பள்ளி முகப்புல ஒளு செய்யுற ஹவுளுத் தொட்டிக்குள்ள ரெண்டு கையையும் விட்டான். தண்ணி விலகிருச்சு. கையைச் சுத்தி ஒரு சாண் பள்ளம் விழுந்து, அடியில பாசி படிஞ்ச கல்லு தெரிஞ்சு, தண்ணி நாலு பக்கமும் சுவர் மாதிரி நின்னுச்சு. கையை எடுத்தான், மூடிக்கிச்சு. மறுபடி விட்டான், மறுபடி விலகுச்சு. பாங்கு சொல்ற மோதினார் ஒரு வாளி மொண்டு தலையில ஊத்தினாரு, அது அவன் தலைக்கு மேலேயே ரெண்டாப் பிரிஞ்சு மோதினாரைத்தான் நனைச்சுது. அப்ப அங்க இருந்தவங்க யாராச்சும், "இவனுக்கு ஏன் தண்ணி ஒட்டல"ன்னு கேட்டிருக்கணுமா இல்லையா? கேக்கல. மோதினார் சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு, "அல்லாஹு அக்பர், இவரு இனிமே கழுவ வேண்டியதே இல்ல, உள்ளேயே சுத்தமாயிட்டாரு"ன்னு கத்தினாரு. அதோட முடிஞ்சுது நான் கேட்டு வாங்கின பழி. அடுத்த ஜும்ஆவுக்குள்ள நூகுத்தம்பி நூகப்பா ஆயிட்டான்.

நம்ம சனம் எதையும் வீணாக்காது பாருங்க. ஐப்பசி மழை புடிச்சப்ப, கருவாடு காயப் போட்டிருந்த பொம்பளைங்க ஓடிப்போய், "நூகப்பா, செத்த இந்தப் பாய்மேல வந்து உக்காருங்க"ன்னு கூட்டிட்டு வந்தாங்க, அவன் உட்கார்ந்த இடத்தைச் சுத்தி நாலு பாய் அகலத்துக்கு மழை இறங்கல, நெத்திலி மொறுமொறுன்னு காஞ்சுது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னாடி அவனை நடக்க விட்டாங்க, ஜரிகைச் சட்டை நனையாம மாப்பிள்ளை பொண்ணு வீடு போய்ச் சேர்ந்தாரு. கரண்டு ஆபீஸ் லைன்மேன், அவரு நம்மாளுகூட இல்ல, மழையில கம்பத்துல ஏறணும்னா, "அந்தப் பெரியவரைக் கொஞ்சம் கீழே நிக்கச் சொல்லுங்க"ன்னு ஆள் அனுப்புவாரு. ஓட்டை வள்ளத்துல அவனை ஏத்தி நடுவுல உட்கார வச்சா ஒரு சொட்டு உள்ளே வராதுன்னு கண்டுபிடிச்சாங்க, அப்புறம் ஓட்டையை அடைக்கிற வேலையையே விட்டுட்டாங்க. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, அவன் தலைமேல ஊத்தி, அவனைத் தொடாம வழியுற தண்ணியைப் பாட்டில்ல புடிச்சு வயித்து வலிக்குக் குடிக்க ஆரம்பிச்சாங்க. அடப் பைத்தியங்களா, அவனைத் தொடாத தண்ணிதான் மருந்துன்னா கடல் பூரா மருந்துதானே, என் வீட்டு அண்டாவுல இருக்கிறதும் மருந்துதானே! யார்கிட்ட சொல்ல? நான் சொன்னா, "பாரு, அவளுக்கு அவரு மேல இன்னும் காய்ச்சல்"னு சிரிப்பாங்க.

நான் தொழுகைப் பாய், அந்த முசல்லாவுல உட்கார்ந்து அல்லாகிட்டச் சண்டை போட்டேன். நான் கேட்டது என்ன, நீ குடுத்தது என்ன? அவனை அசிங்கப்படுத்தச் சொன்னா அவனுக்குக் கிரீடம் வச்சிருக்கியேன்னு அழுதேன். ஆனா ஒண்ணு, தண்ணி ஏன் ஒட்டலன்னு அவனுக்குத் தெரியும். தெருவுல எதிரப் பார்க்கிறப்ப அவன் கண்ணு என் வாசலுக்கு வந்து சுட்டுக்கிட்ட மாதிரி திரும்பிரும். குடிக்கிற தண்ணி மட்டும் தொண்டைக்குள்ள இறங்குமாம், அது அல்லா போட்ட பிச்சை. வேர்வைகூட அவன் தோல்ல நிக்காது, குதிச்சு ஓடிரும், உப்பு மட்டும் வெள்ளையாப் பூத்து நிக்கும். அழுதாலும் கண்ணீர் கன்னத்தைத் தொடாம நேரா மண்ணுல விழும். மூணு வருஷம் தண்ணிக்குப் பதிலா மண்ணைத் தொட்டுத் தடவி தயம்மும் செஞ்சு தொழுதான், ஊரு அவன் கால் மண்ணை எடுத்துட்டுப் போச்சு.

நடுவுல ரெண்டு வருஷம் உடம்புக்கு முடியாம வராத ஷைகு மூணாம் வருஷக் கந்தூரிக்கு வந்தாக. அன்னைக்கு நூகுவுக்குத் தலைப்பாகை கட்டித் தனக்குப் பதிலாளா ஆக்கிடுவாகன்னு ஊரே பச்சைத் துணி வாங்கி வச்சிருந்துச்சு. ஷைகு அவனைத் தனியா உள்ளே கூட்டிட்டுப் போனாக, கொஞ்ச நேரத்துல வெளியே வந்து ஒரு வார்த்தை பேசாம பஸ் ஏறிப் போயிட்டாக. மறுநாள் சாயங்காலம் அஸருக்குப் பிறகு என் வீட்டுக் கதவு தட்டுற சத்தம்.

"யாரு?"

"நான்தான்... நூகு. உங்ககிட்டப் பேசணும், ஜெய்னம்பு."

அன்னைக்கு 'அவளை'ன்னு சொன்ன வாயி, இன்னைக்கு 'உங்ககிட்ட'ங்குது. நான் கதவைத் திறக்கல, கொண்டியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு விரக்கடை இடைவெளி விட்டேன்.

"தொப்பி வேணும்னா அளவு சொல்லிட்டுப் போ."

"ஷைகு அனுப்பினாக. இது கராமத்து இல்ல, வலிமார் அற்புதம் இல்ல, யாரோட ஹக்கு, யாரோட கடன் உன் மேல நிக்குதுன்னு கேட்டாக. சொன்னேன். இன்னொரு நாப்பது நாள் உட்காருறேன், கல்பை இன்னும் துலக்குறேன்னு அழுதேன். அதுக்கு, 'அந்தக் கறை உன் கல்புல இல்ல, அந்தப் பொண்ணு பேர்ல இருக்கு, இருட்டுல உட்கார்ந்து எதைத் துலக்கினே'ன்னு கேட்டாக. இனிமே உனக்கு ஷைகு நான் இல்ல, அவங்கதான், அவங்க காட்டுறதுதான் வழின்னு சொல்லிட்டுப் போயிட்டாக. நீங்க மன்னிச்சுப் பொருந்திக்கணும். பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கவே முடியல, இருபத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு. "ஒரு வார்த்தையில என்னைக் கொன்னே, ஒரு வார்த்தையில உயிர் வேணுமா உனக்கு? நான் ஷைகாம்ல, அப்ப முறையாவே செய்வோம்"னு, தைச்சுக்கிட்டிருந்த தொப்பித் துணியோட ஒரு முனையைக் கதவிடுக்குல வெளியே விட்டேன். அந்நிய ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவுல கை குடுத்து பைஅத்து கிடையாது, ஆளுக்கொரு முனையா துணியைப் புடிக்கிறதுதான் முறை, எங்க உம்மா எல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து அப்படித்தான் முரீது வாங்கினாங்க. அவன் முனையைப் புடிச்சான். அவன் கை நடுங்குறது துணி வழியா எனக்கு வந்துச்சு, நல்லா இருந்துச்சு.

"எங்க நின்னு சொன்னியோ அங்க நின்னு, நான் சொன்னது பொய்னு சொல்லு. வெள்ளிக்கிழமை. ஊரே இருக்கணும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் சொன்னான். நான் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கிட்டுப் பள்ளிச் சுவத்துக்கு வெளியே நின்னு கேட்டேன். "நான் பாவியிலும் பாவி, மண்ணுலயும் கேவலமானவன், ஜெய்னம்பு பேர்ல பொய் சொன்னேன், அவங்க பரிசுத்தமானவங்க"ன்னு விம்மி விம்மிச் சொன்னான்.  இப்ப நம்பிருவாங்கன்னு சுவத்துக்கு இன்னும் நெருங்கி நின்னேன். அப்புறம் ஒரு குரலு, "சுப்ஹானல்லாஹ், என்ன பணிவு!" உடனே நாலு பேரு அழுறாங்க, நாப்பது பேரு அழுறாங்க. "பெரியவங்க தன்னைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க"ங்குறாரு ஒருத்தரு. "அந்தப் பொம்பளையோட ஐபை, மானக்கேட்டை மறைக்கத் தன் தலையில பழியைத் தூக்கிப் போட்டுக்கிறாரே, இந்த மனசு யாருக்கு வரும்"ங்குறாரு இன்னொருத்தரு. அவன் கையை முத்துறதுக்கு வரிசை நிக்குது. என் பேர்ல இருந்த சேறு காஞ்சாவது கிடந்துச்சு, அன்னைக்கு அது மேல பன்னீரைத் தெளிச்சுப் புதுசாக் குழைச்சு அப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்து ஒரு தொப்பியைக் கத்திரிக்கோலால துண்டு துண்டா வெட்டினேன். சாயங்காலம் அவன் வந்து வாசல்ல நின்னான்.

"சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறாங்க. நான் என்ன செய்ய?"

"குர்ஆன் மேல பொய்யைச் சொல்லி நம்ப வச்சவன் நீ, உனக்கு உண்மையை நம்ப வைக்கத் தெரியலையா? வீடு வீடாப் போவோம். நீ முன்னாடி நட, நான் பின்னாடி வர்றேன். ஊரே நம்புற வரைக்கும்."

"எல்லா வீட்டுக்குமா?"

"அன்னைக்கு உன் பேச்சு எந்த வீட்டைத் தாண்டிப் போச்சு?"

மறுநாள் காலையில இருந்து நடந்தோம். அவன் முன்னாடி, பத்தடி பின்னாடி நான். முதல் வீட்டுல அவனுக்குச் சர்பத்து கலந்தாங்க, கால் படட்டும்னு புதுப் பாயை விரிச்சாங்க, அவன் "நான் பொய்யன்"னான், அவங்க மருமகளுக்குப் புள்ளை தங்க துஆ கேட்டாங்க. ரெண்டாவது வீட்டுல, "நான் பொய்யன்"னதுக்கு, "ஆமீன்"னாங்க. மூணாவது வீட்டுல ஒரு தொட்டில் புள்ளையைக் கொண்டாந்து ஊதச் சொன்னாங்க. இப்படி ஒன்பது நாள். ஒவ்வொரு வாசல்லயும் அவன் அழுவான், அவங்க அழுவாங்க, என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்குவாங்க. பத்தாம் நாள் உச்சி வெயில்ல, ஒரு முருங்கை மரத்தடியில அவனை நிறுத்தினேன்.

"ஏன் அழுவுறே?"

"மனசு தாங்கல, ஜெய்னம்பு."

"பொய். அழுதா உன்னைத் தூக்கிக் கொண்டாடுவாங்கன்னு உனக்குத் தெரியும். இனி அழாதே."

அன்னைக்கு அழாமச் சொன்னான். அப்பவும் நம்பல. மறுநாள், "பாவியிலும் பாவி, மண்ணுலயும் கேவலம், இந்த ஜோடனை எல்லாம் வேணாம். அன்னைக்கு ஜோடிச்சா சொன்னே? தலையைக் குனிஞ்சா நின்னே? நிமிர்ந்து நில்லு"ன்னேன். நிமிர்ந்து நின்னான். ஒவ்வொரு நாளும் அவன்கிட்ட இருந்து ஒண்ணைப் புடுங்கினேன், அழுகையைப் புடுங்கினேன், கையைக் கட்டி நிக்கிறதைப் புடுங்கினேன், 'அவங்க பரிசுத்தமானவங்க'ங்கிறதையும் புடுங்கினேன், உன்கிட்ட யாரு எனக்குச் சர்டிபிகேட் கேட்டா? வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சேன், எனக்குக் கண்ணு எரியல. கடைசியில ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்துச்சு.

"அந்தப் பொய்யை நீ ஏன் சொன்னேன்னு எந்த வீட்டுலயும் சொல்லலியே?"

அவன் மூஞ்சி செத்துப் போச்சு. மூணு வருஷமா, நாப்பது நாள் இருட்டுல, ஷைகு முன்னாடி, ஊரு முன்னாடி, எல்லாத்தையும் எறக்கி வச்சவன் இதை மட்டும் மடியில கட்டி வச்சிருந்தான். "அதை மட்டும் விட்டுருங்க"ன்னான். "அது ரொம்பச் சின்னத்தனம்."

"அதான் வேணும்"னேன். "அடுத்த வீடு செய்யதாமினா மாமி வீடு."

மாமிக்கு எழுபது தாண்டிருச்சு. மகன் போனதுல இருந்து யாரு வீட்டுக்கும் போறதில்ல, நூகப்பா தண்ணியைக் குடிக்கவும் இல்ல. வாசப்படியில உட்கார்ந்து வெத்தலை மென்னுக்கிட்டிருந்தாங்க. அவனைப் பார்த்து எந்திரிக்கல. அவன் நிமிர்ந்து நின்னான், கை ரெண்டும் தொங்குச்சு, கண்ணு காஞ்சு இருந்துச்சு.

"மாமி, ஜெய்னம்புவை நான் பொண்ணு கேட்டேன். அவ வாப்பா குடுக்க மாட்டேன்னுட்டாரு. உங்க மகன் என்னைவிட அழகா இருந்தான், எனக்குப் பொறுக்கல. எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு சொன்னேன். ஐஸ் வண்டிக்காரன் அன்னைக்கு ஊருக்கே வரல."

மாமி மெல்லுறதை நிறுத்தினாங்க. 

"குர்ஆன் மேல கையை வச்சுத்தானே சொன்னே?"

"ஆமா."

"கை நடுங்குச்சா?"

"இல்ல மாமி. நடுங்கல. வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டேன்."

அப்பத்தான் நம்பினாங்க. மகானுங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க, பொய் சொன்னவனுக்குத்தான் அன்னைக்குச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கும். மாமி சுவத்தைப் புடிச்சு எந்திரிச்சாங்க, ரெண்டு படி இறங்கி அவனுக்கு நேரா வந்தாங்க, "என் புள்ளை அங்க தனியாக் கிடக்குறான்டா"ன்னாங்க, காரித் துப்பினாங்க.

எச்சில் அவன் கன்னத்துல விழுந்துச்சு. விலகல. செக்கச் செவேல்னு ஒட்டி, தாடிக்குள்ள இறங்கி, கழுத்துல வழிஞ்சு, வெள்ளைச் சட்டைக் காலர்ல ஊறுச்சு. அவன் விரலால தொட்டுப் பார்த்தான், விரலைப் பார்த்தான், "நனையுது"ன்னான், சின்னப் புள்ளை மாதிரி, "ஜெய்னம்பு, நனையுது." தெருவுல நின்ன சனம் வாயைத் திறந்தது மூடல. யாரோ ஒருத்தி இடுப்புல வச்சிருந்த பாட்டிலைச் சாக்கடைப் பக்கம் மெதுவாச் சாய்ச்சா. மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, "இரு புள்ளே, துப்பட்டியை எடுத்துட்டு வர்றேன், அடுத்த வீட்டுல நானும் நின்னு கேக்கணும்"னு உள்ளே போனாங்க.

அவன் முகத்தைத் துடைக்கல. துடைச்சாப் போயிருமோன்னு பயம் போல. அப்படியே என்கிட்டத் திரும்பி, "இப்பப் பொருந்திக்கிட்டீங்களா?"ன்னான்.

என் கல்பைத் தொட்டுப் பார்த்தேன், மறைக்க மாட்டேன், அங்க இரக்கம் ஒண்ணும் இல்ல, இருபத்திரண்டு வருஷத்துல முதல்தடவையா நல்லாப் பசி எடுத்த மாதிரி இருந்துச்சு. மாமி துப்பட்டியோட வந்து என் பக்கத்துல நின்னாங்க.

"கன்னம் மட்டும்தானே நனைஞ்சிருக்கு"ன்னேன். "மிச்ச உடம்பு பூரா அப்படியே கிடக்கு. போய் அடுத்த கதவைத் தட்டு."